நுண்ணோக்கியின் வழிக் கொசுவை அறிதல்

உருவிற் சிறியவை ஆற்றலிலும் சிறியவை ஆகும் எனக் கருதுதல் தவறாம் என்பதற்குக் கொசுவினும் சிறந்த சான்று வேறில்லை. படைகளைத் தளரச் செய்ததும், நகரங்களை நோய்ப்படுக்கையிற் கிடத்தியதும் இச்சிற்றுயிரேயாம். ஆயினும், கொசு என்னும் ஒரே பெயரால் நாம் அழைப்பவை யாவும் ஓரினத்தன அல்ல. வாழிடத்தாலும், கடிக்கும் காலத்தாலும், பரப்பும் நோயாலும் அவை தம்முள் வேறுபடுவன. அவ்வேற்றுமையைக் காண்பதற்குக் கையடக்க டிஜிட்டல் நுண்ணோக்கி எங்ஙனம் துணைசெய்யும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நுண்ணோக்கியின் வழிப் பூச்சிகளைக் காணும் முயற்சி புதியதன்று. 1665-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் இராபர்ட் ஊக் என்பார் வெளியிட்ட நூலில், தெள்ளுப்பூச்சியும் ஈயின் கண்ணும் மட்டுமன்றி, நீரில் வாழும் கொசுப்புழுவும் பெரிதாக வரையப்பட்டிருந்தது. பின்னர், 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 20-ஆம் நாள், செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்னும் மருத்துவர் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றுச் சுவரிற் கண்டார். அதற்குமுன் அவர் நெடுங்காலம் வேறினக் கொசுக்களையே அறுத்து ஆராய்ந்து பயன் காணாதிருந்தார். புள்ளிச் சிறகுடைய அனாபிலிஸ் இனத்தை எடுத்தபின்னரே உண்மை வெளிப்பட்டது. கொசுவின் இனமறிதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இந்நிகழ்ச்சியே போதிய சான்றாம்.

இனி, கருவியின் இயல்பைக் கூறுவாம். பேனாவினும் சற்றே பருத்த உருவமுடைய இக்கருவியின் நுனியிற் கண்ணாடிவில்லையும், அதனைச் சூழ்ந்து சிறு விளக்குகளும் அமைந்துள்ளன. பழைய நுண்ணோக்கியில் நாம் கண்ணை வைத்து நோக்கும் இடத்தில், இதன்கண் ஒளியை உணரும் சில்லு ஒன்று உள்ளது. அது தான் பெற்ற உருவை மின்குறிகளாக மாற்றிக் கணினிக்கோ கைப்பேசிக்கோ அனுப்புகின்றது. ஆகவே ஒருவர் கண்டதைப் பலரும் ஒருங்கே காணலாம். படமாகச் சேமித்தும் வைக்கலாம்.

ஆயிரம் மடங்கு பெருக்கும் என இக்கருவிகளின் பெட்டிமேல் அச்சிடப்பட்டிருத்தலுண்டு. அதனை அவ்வாறே நம்புதல் கூடாது. திரை பெரிதாயின் படமும் பெரிதாகும். நுட்பமோ அதனால் மிகுவதில்லை. மெய்யளவை அறிய எளிய வழியொன்றுண்டு. மில்லிமீட்டர்க் கோடுகளையுடைய அளவுகோலை முதலிற் படமெடுக்க. படத்தின் அகலத்தில் 4 மில்லிமீட்டர் அடங்குகின்றது எனவும், திரையின் அகலம் 300 மில்லிமீட்டர் எனவும் கொண்டால், பெருக்கம் 75 மடங்கேயாம். அப்படம் குறுக்கே 1600 புள்ளிகளால் ஆயதாயின், ஒரு புள்ளி 2.5 மைக்ரோமீட்டர் அளவைக் குறிக்கும். கொசுவின் இனமறிதற்கு இத்தகைய பெருக்கமே பெரும்பாலும் போதுமானது.

இவ்வாராய்ச்சிக்கு யாம் திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. இராமாநுசர் பிறந்த இவ்வூரையும் அதனை அடுத்த ஏரிப்பாசன ஊர்களையும் சூழ்ந்து, இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் வடகால் முதலிய இடங்களில் இன்று சிப்காட் தொழிற்பேட்டைகள் விளங்குகின்றன. மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் ஆக்கப்படும் இங்கே, பிற மாவட்டத்தாரும் பிற மாநிலத்தாருமாகிய இளைஞர் பல்லாயிரவர் வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் வாழ்கின்றனர். மக்கள் நெருங்கி உறையும் இடத்திலே, ஒருவரைக் கடித்த கொசு அடுத்திருப்பவரையும் கடித்தல் எளிது. நாட்கூலி பெறுவோர்க்கு ஒரு வாரக் காய்ச்சல் என்பது ஒரு வாரக் கூலியின் இழப்புமாகும்.

எம் தோழர் ஒருவரின் தமையனார் ஒரகடத்தருகே அறையெடுத்துத் தங்கியிருக்கின்றார். அவ்வீட்டின் பின்புறத்துப் பிளாஸ்டிக் பீப்பாயினின்றும், தெருவோரச் சாக்கடையினின்றும், மேனிலைத் தொட்டியினின்றும் யாம் தனித்தனியே நீர் முகந்து வந்து நோக்கினோம். வெறுங்கண்ணுக்கு ஒரு தன்மையவாய்த் தோன்றிய புழுக்கள் திரையில் மூவகையாய்ப் பிரிந்தன. சாக்கடைப் புழுவின் வாலருகே நீண்டு மெலிந்த மூச்சுக்குழல் இருந்தது, அது கியூலெக்ஸ். பீப்பாய்ப் புழுவின் குழலோ குறுகித் தடித்திருந்தது, அது ஏடிஸ். இவ்விரண்டும் நீரில் தலைகீழாய்த் தொங்குவன. தொட்டியிற் கண்ட புழுவுக்கு அத்தகைய குழலே இல்லை, ஆதலின் அது நீர்ப்பரப்பை ஒட்டிக் கிடைமட்டமாய்க் கிடந்தது, அது அனாபிலிஸ். பெருக்கத்தைச் சற்றே மிகுத்தபோது, ஏடிஸ் புழுவின் எட்டாம் வயிற்றுக்கணுவில் ஒரே வரிசையாய் அமைந்த முட்செதில்களும் புலப்பட்டன.

வளர்ந்த கொசுவையும் இவ்வாறே பகுத்தறியலாம். ஏடிஸ் ஈஜிப்டை என்பதன் கரிய முதுகில் யாழின் வடிவிலமைந்த வெண்கோடுகள் உண்டு. அதன் இனமாகிய ஏடிஸ் அல்போபிக்டஸுக்கோ நடுவே ஒற்றை வெண்கோடே உண்டு. பெண் அனாபிலிஸின் உணர்நீட்சிகள் உறிஞ்சுகுழலளவு நீண்டிருக்கும். ஏனைய இரண்டின் பெண்களுக்கு அவை மிகக் குறுகியவை. இறகுபோல் அடர்ந்த உணர்கொம்புகளை உடையது ஆண். அது குருதி உண்ணாது.

படமெடுப்போர் சிலவற்றைக் கருத்திற் கொள்ளல் வேண்டும். புழுவை வெந்நீரில் இட்டால் அது அசைவற்று நீண்டு கிடக்கும். கருவியின் விளக்கொளி பூச்சியின் பளபளப்பான மேனியிற் பட்டுக் கூசுமாதலின், இடையே மெல்லிய வெண்தாளை வைத்து ஒளியைப் பரவச் செய்தல் நன்று. பெருக்கம் மிக மிகத் தெளிவாய்த் தோன்றும் ஆழம் குறையும். எனவே கருவியைச் சிறிது சிறிதாய் உயர்த்திப் பல படங்கள் எடுத்து, அவற்றின் தெளிந்த பகுதிகளைக் கணினியால் ஒன்றுசேர்த்தல் வேண்டும். எடுத்த இடத்தையும் நாளையும் படத்தோடு குறித்து வைத்தலும் இன்றியமையாதது.

இவ்வறிவாற் பெறும் பயன் யாது எனின், கூறுதும். டெங்குவையும் சிக்குன்குன்யாவையும் பரப்பும் ஏடிஸ், சாக்கடையை விட்டுத் தெளிந்த தேக்கநீரையே நாடிப் பகற்பொழுதிற் கடிப்பது. 1964-ஆம் ஆண்டிற் சென்னையிற் பரவிய சிக்குன்குன்யா, 2006-ஆம் ஆண்டில் மீண்டும் தமிழ்நாட்டைத் தாக்கியது. இந்நிலையில் சாக்கடைக்கு மட்டும் மருந்து தெளித்துவிட்டு அமைதி கொள்வது, பகைவன் ஒரு வாயிலில் நிற்க மற்றொரு வாயிலை அடைப்பதை ஒக்கும். ஏடிஸின் முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டி, நீரின்றியும் பல திங்கள் உயிரோடிருப்பவை. எனவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. சுவரைத் தேய்த்துக் கழுவலும் வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகுமாதலின், வாரத்திற்கு ஒருமுறை அதனைச் செய்தல் தகும். அனாபிலிஸுக்கு மேனிலைத் தொட்டியை இடைவெளியின்றி மூடலும், கியூலெக்ஸுக்குச் சாக்கடை தேங்காது ஓடச் செய்தலும் உரிய வழிகளாம்.

இக்கருவிக்கும் எல்லையுண்டு. கொசுவின் இனத்தை அது காட்டுமேயன்றி, அதனுள் நோய்க்கிருமி உண்டோ இல்லையோ என்பதைக் காட்டாது. காய்ச்சலுற்றோர் மருத்துவரை நாடுதலே முறை. ஆயினும், நல்ல படமொன்று சுகாதார ஆய்வாளரிடம் சேருமாயின், எவ்வீட்டில் எப்பாத்திரத்தை நாடவேண்டும் என்பது அவர்க்கு உடனே விளங்கும்.

தமையனாரின் அறைத்தோழர்கள் அப்படங்களைக் கண்டபின், பீப்பாயைத் தேய்த்துக் கழுவும் முறையை ஞாயிறுதோறும் ஒருவராய்த் தமக்குள் வகுத்துக்கொண்டனர். மாணவ நண்பர்காள், நும் விடுதியிலும் நும் ஊரிலும் தேங்கிய நீரில் ஒரு கரண்டி முகந்து நோக்குமின். கண்டதை அயலார்க்கும் காட்டுமின். கற்றதனால் ஆய பயன் பிறர்க்கும் உரியதாதல் வேண்டுமன்றோ?