பிழையை ஒப்புக்கொள்ளும் கடிகாரம்



அஞ்சல் தலை சேர்ப்போரையும் நாணயம் சேர்ப்போரையும் நாம் அறிவோம். பழைய மின்சாரக் கடிகாரங்களைத் தேடிச் சேர்ப்போரும் உலகில் உண்டு. சிறப்பாக அமெரிக்காவில் இப்பொழுதுபோக்கில் ஈடுபட்டோர் பலர். அவர்கள் விரும்பிச் சேர்க்கும் ஒருவகைக் கடிகாரம் நமக்கு அறிவியலோடு ஒரு நற்பண்பையும் கற்பிக்கிறது.

கடிகாரம் பிறந்த கதை

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஆஷ்லாந்து என்றோர் ஊர். அங்கே ஹென்றி வாரன் (1872–1957) என்னும் பொறியாளர் 1912-இல் கடிகார நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். முதலில் மின்கலத்தால் ஓடும் கடிகாரங்களைச் செய்தார். பின்பு, வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தைக் கொண்டே கடிகாரத்தை ஓட்ட எண்ணினார். அந்நாட்டில் அது நொடிக்கு 60 முறை அலைகிறது. ஓர் அலைவுக்கு ஒரு சுற்று வீதம், நிமிடத்திற்கு 3,600 சுற்றுகள் சுழலும் சிறு மோட்டாரை அமைத்தார். பற்சக்கரங்கள் அவ்வேகத்தைக் குறைக்க, நொடிமுள் நிமிடத்திற்கு ஒருமுறை சுற்றிவரும்.

ஆயினும் ஒரு சிக்கல். மின்நிலையத்தின் அலைவு சீராக இல்லாவிட்டால் கடிகாரமும் தவறும். ஆகவே மின்நிலையத்திற்கென்றே வாரன் ஒரு தலைமைக் கடிகாரம் செய்தார். அதன் ஒரே முகப்பில் இரு முட்கள். ஒன்றை ஊசற் கடிகாரம் நகர்த்தும். மற்றதை நிலையத்தின் மின்சாரம் நகர்த்தும். இரண்டும் விலகினால் பணியாளர் மின்னாக்கியின் வேகத்தைத் திருத்துவார். 1916 அக்டோபர் 23-இல் பாஸ்டன் நகர மின்நிலையம் ஒன்றில் இது முதன்முதலாக வைக்கப்பட்டது. 1926-இல் வாரனின் நிறுவனம் ‘டெலிக்ரான்’ எனப் பெயர் பெற்றது. ‘தொலைவிலிருந்து நேரம்’ என்பது அதன் கிரேக்கப் பொருள்.

சிவப்புப் புள்ளி

மின்தடை ஏற்பட்டால் என்ன ஆகும்? லாரன்ஸ் ஹாமண்ட் சிக்காகோவில் செய்த தொடக்ககாலக் கடிகாரங்கள் நின்றுவிடும். மின்சாரம் திரும்பினாலும், பின்புறக் குமிழைக் கையால் சுழற்றினால்தான் ஓடும். அது தொல்லைதான், ஆனால் நின்ற கடிகாரத்தைக் கண்டு யாரும் ஏமாறமாட்டார்கள். (இதே மோட்டார்த் தத்துவத்தைக் கொண்டே ஹாமண்ட் 1935-இல் மின் ஆர்கனை வெளியிட்டார். அது பல தேவாலயங்களில் ஒலித்தது.)

வாரனின் மோட்டாரோ தானாகவே மீண்டும் ஓடத் தொடங்கும். இருபது நிமிடம் மின்சாரம் நின்றிருந்தால், இருபது நிமிடம் பின்தங்கிய நேரத்தை ஒன்றும் நடவாததுபோல் காட்டும். இது பெருந்தவறல்லவா? எனவே டெலிக்ரான் கடிகாரங்கள் பலவற்றின் முகப்பில் சிறு துளை ஒன்று வைத்தார்கள். மின்சாரம் தடைப்பட்டால் அதில் சிவப்புப் புள்ளி தோன்றும். “நான் இடையில் நின்றுவிட்டேன், என் நேரத்தை நம்பாதீர்” என்பதே அதன் பொருள். யாரேனும் வந்து சரிசெய்யும்வரை அது மறையாது.

ஒரு கணக்கு

அமெரிக்கக் கடிகாரத்தை நம் நாட்டில் ஓட்டலாமா? நம் 230 வோல்ட் அதை எரித்துவிடும். மின்மாற்றியால் அழுத்தத்தைக் குறைக்கலாம். ஆனால் அலைவு மாறாது. இங்கே நொடிக்கு 50 அலைவுகளே. ஆகவே ஒரு மணி நேரத்தில் கடிகாரம் 50 நிமிடமே நகரும். காலை 9 மணிக்குச் சரியாக வைத்தால், மாலை 3 மணிக்கு அது எத்தனை மணி காட்டும்? விடையைக் கணக்கிட்டபின் கட்டுரையின் இறுதியைப் பாருங்கள்.

சேர்ப்போர் கவனத்திற்கு

இத்தகைய மோட்டார் கடிகாரங்களில் மட்டுமன்றி, குறித்த நேரத்தில் வானொலியை இயக்கும் கருவிகளிலும், இருட்டறையில் புகைப்படம் கழுவுவோரின் நேரங்காட்டிகளிலும் இருந்தது. அவற்றையும் சேர்க்கின்றனர். பழைய கருவி கிடைத்தால் உடனே மின்சாரத்தில் மாட்டாதீர்கள். கம்பியின் ரப்பர் உறை பொடிந்திருக்கும்; மின்பணியாளரிடம் காட்டுங்கள். இருளில் ஒளிரும் பழைய முட்களில் ரேடியம் கலந்த பூச்சு இருக்கலாம். அவற்றைச் சுரண்டவோ திறக்கவோ கூடாது.

ஆஷ்லாந்து உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு அணிகளுக்கு ‘கிளாக்கர்ஸ்’ என்று பெயர். கடிகாரத் தொழிலை அவ்வூர் அவ்வாறு நினைவில் வைத்திருக்கிறது. நாமும் அந்தச் சிவப்புப் புள்ளியை நினைவில் வைப்போம். வீட்டுப்பாடத்தை முடிக்காத நாளில், ஆசிரியை கேட்குமுன் எழுந்து நின்று சொல்ல நமக்குத் துணிவு உண்டா? கடிகாரத்துக்கு இருந்ததே!

(விடை: 2 மணி)