முப்பது மாலைகளுக்குப் புதுச்சேரி: செலவில்லாப் பொழுதுகளைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

புதுச்சேரியைப் பற்றிய பயணக் குறிப்புகள் பெரும்பாலும் சனிக்கிழமை வந்து ஞாயிறு திரும்புகிறவர்களுக்காக எழுதப்படுபவை. இரண்டு நாளில் எத்தனை இடங்களைப் பார்த்துவிட முடியும் என்பதே அவற்றின் கணக்கு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாதத்துக்கு அறை எடுப்பவரின் கணக்கு வேறு. அவருக்கு வேலை இருக்கிறது. வேலைக்கு முன்னும் பின்னும் மிஞ்சும் சில மணி நேரமும் நான்கு ஞாயிறுகளும்தான் அவர் கையில் இருப்பவை. வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் பிடிக்க நினைப்பவர் கட்டணமில்லாத இடங்களைத் தேடுவது இயல்பு. அந்தத் தேடலில் எளிதில் நேரும் பிழை ஒன்று உண்டு: சுற்றுலாப் பயணியின் பட்டியலை எடுத்துக்கொண்டு, அதில் நுழைவுச்சீட்டு இல்லாதவற்றை மட்டும் பொறுக்கிக்கொள்வது. அந்தப் பட்டியல் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். அப்புறம் மாலைகள் காபிக்கடையில் கழியத் தொடங்கும். மிச்சம் பிடிக்க நினைத்த பணமும் அங்கேயே போகும். ஒரு மாதம் தங்குபவர் எதைப் பார்க்கலாம் என்று கேட்பதைவிட, எதை அலுக்காமல் திரும்பத் திரும்பச் செய்யலாம் என்று கேட்பதே சரி. தேர்வு முழுவதும் அந்த ஒரு கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால், ஒவ்வொரு வாய்ப்பையும் மூன்று விதமாக எடைபோட வேண்டியிருக்கிறது. முதலாவது, போய்வரும் செலவு. வாசலில் காசு வாங்காத இடத்துக்கும் ஆட்டோவிலோ வாடகை ஸ்கூட்டரிலோதான் போக முடியும் என்றால், அதை இலவசக் கணக்கில் சேர்க்க முடியாது. இரண்டாவது, நேரம். ஆண்டின் பெரும்பகுதி இந்த ஊரில் காலை ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மாலைகளைப் பறித்துக்கொள்ளும். உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரமும் இடம் இதமாக இருக்கும் நேரமும் ஒத்துவர வேண்டும். மூன்றாவது, திரை முன் உட்கார்ந்த நாள் எதை எடுத்துக்கொண்டதோ, அதை அந்தப் பொழுது திருப்பித் தருகிறதா என்பது. வேலை நேரம் முழுதும் கண் இரண்டடித் தூரத்திலேயே நிற்கிறது. உடம்பு நாற்காலியிலேயே கிடக்கிறது. புது ஊரில் முகம் பார்த்துப் பேச ஆளும் இல்லை. ஆகவே கண்ணுக்குத் தொலைவும் காலுக்கு நடையும் மனத்துக்கு மனிதர்களும் தரும் பொழுதே தனியாக இருந்து வேலை செய்பவருக்குப் பயன்படும் பொழுது.

இந்த மூன்றிலும் முந்தி நிற்பது கடற்கரைச் சாலை. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள இந்தச் சாலையில் மாலை தொடங்கி மறுநாள் காலைவரை வாகனங்களுக்கு அனுமதி இல்லை. காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம் என்று ஒரு நடையில் ஊரின் வரலாறு கண்ணில் படும். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலில் உதிக்கிறது. மாலையிலோ கட்டடங்களின் நிழல் சாலையில் விழுந்து, இருட்டுவதற்கு வெகு முன்பே நடக்க இதமாகிவிடுகிறது. குளிக்கலாம் என்று வருபவருக்கு மட்டும் இது ஏற்ற இடமல்ல. 1980களின் பிற்பகுதியில் தெற்கே துறைமுகத்துக்கு அலைத்தடுப்புகள் கட்டப்பட்டபின், கரையோரமாக வடக்கு நோக்கி நகரும் மணல் அங்கே தடைபட்டது. நகரத்தின் மணற்கரை அரிக்கப்பட்டு, அதன் இடத்தில் கருங்கற்கள் கொட்டப்பட்டன. 2018இல் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் தலைமைச் செயலகத்துக்கு அருகே கடலடியில் அமைத்த எஃகுத் தடுப்பு ஒரு பகுதியில் மணலை மீட்டுத் தந்திருக்கிறது. ஆனாலும் நீரோட்டம் வலுவானது; இந்தக் கரையோரத்தில் குளிக்க இறங்கியவர்கள் மூழ்கிய செய்திகள் ஓயவில்லை. இங்கே கடல் பார்க்கவும் காற்று வாங்கவும்தான்.

மணலில் கால் புதைய நடக்க வேண்டும் என்பவருக்கு வேறு கரைகள் உண்டு. அவற்றுக்குள் வேறுபாடும் உண்டு. பயணிகள் பெரிதும் விரும்பும் பாரடைஸ் கடற்கரைக்குச் சுண்ணாம்பாற்றுப் படகுத்துறையிலிருந்து படகுச்சீட்டு வாங்கிப் போவதே வழக்கம். அதை நம் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். கோட்டக்குப்பத்தை ஒட்டிய செரினிட்டி கடற்கரைக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் நகரத்திலிருந்து நடந்துபோகும் தூரமும் இல்லை. கடற்கரைச் சாலையின் வடமுனையைத் தாண்டிய வைத்திக்குப்பம் நடை தூரத்தில் இருக்கிறது. அது மீனவர்கள் வாழும் இடம், அவர்கள் வலை உலர்த்தும் இடம், படகு நிறுத்தும் இடம். அங்கே போகிறவர் வேடிக்கை பார்ப்பவராகப் போகாமல், வேலை நடக்கும் இடத்துக்குள் வந்த விருந்தாளியின் அடக்கத்தோடு போக வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. ஒப்பிட்டுச் சொன்னால், வேலை நாளுக்குக் கடற்கரைச் சாலை, ஞாயிற்றுக்கிழமைக்குச் செரினிட்டி என்று பிரித்துக்கொள்வதே பணத்துக்கும் நேரத்துக்கும் பொருந்தும்.

கடலுக்கு அடுத்தபடி, அதே அளவு திரும்பத் திரும்பச் செய்யத்தக்கது தெருநடை. புல்வார் சாலைகளுக்கு உட்பட்ட பழைய நகரம் நேர்கோட்டுத் தெருக்களால் ஆனது. வழி தவறும் பயம் இல்லை, எந்தத் தெருவில் கிழக்கே நடந்தாலும் கடல் வரும். நடுவில் ஓடும் பெரிய வாய்க்கால் ஊரை இரண்டாக்குகிறது. கிழக்கே மஞ்சளும் வெள்ளையும் பூசிய உயர்ந்த மதில்களுடன் ஒயிட் டவுன். 1761இல் ஆங்கிலேயர் ஊரைக் கைப்பற்றி இடித்துத் தள்ளிய பிறகு, 1765 முதல் பிரெஞ்சுக்காரர்கள் மீண்டும் கட்டியெழுப்பிய நகரம் அது. மேற்கே திண்ணையும் மரத்தூண் தாழ்வாரமுமாகத் தமிழர் வீடுகள். மக்கள் வைசியாள் தெரு என்றழைக்கும் கல்வே சுப்பராய செட்டித் தெருவில் இவ்வீடுகள் சீரமைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பணிக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருது கிடைத்தது. படம் எடுக்க வருபவர்கள் ஒயிட் டவுனில் கூடுகிறார்கள். ஒரு மாதம் தங்குபவருக்கு மேற்குப் பக்கமே கூடுதல் பலன் தரும் என்பது என் முடிவு. மதிலுக்குப் பின்னால் ஒதுங்கிய வீடு ஒருமுறை பார்க்க அழகு. தெருவைப் பார்த்துத் திறந்த திண்ணையும், காய்கறி வண்டியும், பெரிய மார்க்கெட்டின் காலைப் பரபரப்பும் நாளுக்கு நாள் மாறுபவை. நாலு நாள் ஒரே தெருவில் நடந்தால் ஐந்தாம் நாள் யாராவது பெயர் கேட்பார்கள்.

வெயிலும் மழையும் வெளியே விடாத வேளைக்கு உள்ளே அமரும் இடங்கள் வேண்டும். அவற்றில் மூன்றை ஒப்பிடலாம். முதலாவது ரோமன் ரோலண்ட் நூலகம். 1827இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பொது நூலகம் அது. தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு நூல்களும் நாளிதழ்களும் உண்டு. இரண்டாவது அரவிந்தர் ஆசிரமம். 1910இல் இங்கே வந்து 1950இல் மறையும்வரை இந்த ஊரைவிட்டு அகலாத அரவிந்தரின் சமாதி, மரநிழலில், பூக்களுக்கு நடுவே இருக்கிறது. கட்டணம் இல்லை, பேச்சுக்கு இடமில்லை, நடுப்பகலில் மூடியிருக்கும். மூன்றாவது ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவிலுள்ள பாரதி இல்லம். 1908 முதல் 1918 வரை பாரதி வாழ்ந்த புதுச்சேரியை இந்த வீட்டிலிருந்துதான் புரிந்துகொள்ளத் தொடங்க வேண்டும். பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் வாழ்ந்த வீடும் இப்படியே நினைவில்லமாக இருக்கிறது. இல்லங்கள் இரண்டும் ஓரிரு முறைக்கானவை. ஆசிரமம், மீட்டிங்குகளுக்கு நடுவே காதையும் மனத்தையும் ஆறவைக்க வாரம் இரண்டு மூன்று முறை போகத் தக்கது. நூலகம் தினசரிக்கு உரியது.

நூலகத்தையே அலுவலகமாக்கிக்கொள்ளலாமே, காபிக்கடைச் செலவு மிச்சமாகுமே என்று ஒருவர் கேட்கலாம். வாசிப்பதும் குறிப்பெடுப்பதும் உங்கள் வேலையின் பகுதி என்றால் தாராளமாகப் போகலாம். ஆனால் அழைப்புகளும் வீடியோ சந்திப்புகளும் நிறைந்த வேலைக்கு அது இடமல்ல. வீட்டில் படிக்க இடமில்லாத மாணவருக்கு அந்த மேசைதான் இருக்கும் ஒரே மேசையாகவும் இருக்கக்கூடும். பொது இடத்தை நாம் எடுத்துக்கொள்ளும் அளவு, அதைவிட்டால் வேறு வழியில்லாதவரின் பங்கைக் குறைக்காமல் இருக்க வேண்டும். இது ஒழுக்கப் போதனை மட்டுமல்ல, தேர்வுக்கான விதியும்கூட. வேலையை அறையில் முடித்துவிட்டு வாசிக்க மட்டும் நூலகத்துக்குப் போனால், திரையிலிருந்து விலகிய ஒரு மணி நேரமும் உங்களுக்குக் கிடைக்கிறது.

நடை தூரத்து இடங்களையே முன்னிறுத்தும் இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஆரோவில் பக்கமிருந்து வரும். 1968 பிப்ரவரி 28இல் தொடங்கப்பட்ட அந்த நகரத்தில் தியான மண்டபமான மாத்ரிமந்திரை வெளியிலிருந்து காணக் கட்டணம் இல்லை. பார்வையாளர் மையத்தில் அனுமதி பெற்று, மரங்கள் நிறைந்த பாதையில் நடந்து சென்று பார்க்கலாம். செம்மண் வெறும் பொட்டலாகக் கிடந்த மேட்டைக் காடாக்கிய உழைப்பையும் வழியெங்கும் காணலாம். இதைவிட அரிதான இலவசம் இந்த வட்டாரத்தில் ஏது என்று கேட்டால், இல்லைதான். ஆனால் நகரத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். போக, வர, சாப்பிட என்று அரைநாளும் பணமும் ஆகும். அரிக்கமேடும் இப்படித்தான். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, ரோமானிய வணிகத்தோடு இவ்வூருக்கு இருந்த உறவை உலகறியச் செய்த இடம். இன்று அங்கே பார்க்க எஞ்சியிருப்பது மிகக் குறைவு, கிடைத்த பொருள்களில் சிலவற்றை நகர அருங்காட்சியகத்தில் சிறு கட்டணத்தில் காணலாம். வரலாறு தெரிந்து போகிறவருக்கு அந்த ஆற்றங்கரை பேசும். தெரியாதவருக்கு அது தோப்பும் சில செங்கல் சுவர்களும்தான். குளிர்காலப் பறவைகளுக்காக ஊசுட்டேரிக்குப் போவதும் இந்த வகையே. மூன்றையும் தவிர்க்கச் சொல்லவில்லை. நான்கு ஞாயிறுகளில் இரண்டை இவற்றுக்கு ஒதுக்கி, அன்றைய வண்டிச் செலவை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள். வாரநாளில் ஒரு மாலையை இவற்றுக்குள் திணித்தால், பார்த்ததும் அரைகுறை, மறுநாள் வேலையும் அரைகுறை.

எந்த மாதத்தில் வருகிறீர்கள் என்பதும் தேர்வை மாற்றும். மாசி மகத்தன்று சுற்றுவட்டாரக் கோயில்களின் உற்சவ மூர்த்திகள் வைத்திக்குப்பம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. ஆடி மாதத்தில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநரே வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. ஜூலை 14இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற தமிழர்கள் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சு தேசிய நாளைக் கொண்டாடுகிறார்கள். பணம் கொடுத்தாலும் கிடைக்காத நாட்கள் இவை. அன்று மட்டும் விடுப்பு எடுப்பதில் தவறில்லை.

இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு மாலையே இல்லையே என்பது நியாயமான இன்னொரு கேள்வி. அமெரிக்க நேரத்தில் வேலை செய்பவருக்கு விடியலே மாலை: வேலை முடித்துச் சூரியன் எழும்போது கடற்கரைச் சாலையில் நடந்துவிட்டுத் தூங்கப் போகலாம், தெருநடையைப் பிற்பகல் நான்கரைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய நேரக்காரருக்கு முற்பகல் முழுதும் கையில் இருப்பதால் பெரிய மார்க்கெட்டும் நூலகமும் ஆசிரமமும் அவருக்கே அதிகம் வாய்க்கும். நடை தூரத்தில் அறை எடுத்தால் வாடகை கூடுமே என்ற கேள்விக்கும் பதில் உண்டு. கூடுவது ஒயிட் டவுனில். வாய்க்காலுக்கு மேற்கே தமிழ்ப் பகுதியில் தேடினால் கடலுக்கு இருபது நிமிட நடைக்குள் சிக்கனமான இடங்கள் கிடைக்கும். ஊருக்கு வெளியே மலிவான அறை எடுப்பவர், தினமும் இருவழி ஆட்டோச் செலவை மாத வாடகையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

ஒரே சாலையில் முப்பது நாள் நடந்தால் அலுக்காதா? பார்ப்பதற்காக நடந்தால் அலுக்கும். பழகுவதற்காக நடந்தால் அலுக்காது. மாதம் தங்குபவருக்குச் சுற்றுலாப் பயணிக்கு இல்லாத ஒரே செல்வம் தொடர்ச்சி. அதைச் செலவிடத் தெரிந்தவருக்கு மற்றச் செலவுகள் குறையும். ஆகவே என் பரிந்துரை இது: வேலை நாளில் காலையோ மாலையோ கடற்கரைச் சாலை, அது கட்டாயம், வாரம் மூன்று நாள் வாய்க்காலுக்கு மேற்கே ஒரு தெரு, வெயிலும் மழையும் மிகுந்த வேளையில் நூலகமோ ஆசிரமமோ, ஞாயிறுகளில் ஆரோவில், செரினிட்டி, அரிக்கமேடு அல்லது ஊசுட்டேரி, எஞ்சும் ஒரு ஞாயிற்றுக்கு மகாத்மா காந்தி சாலையின் சண்டே மார்க்கெட், வாங்குவதற்குப் பட்டியலோடு. அறையை முடிவு செய்யும் முன் கடற்கரைச் சாலைக்கு எத்தனை நிமிட நடை என்று கேளுங்கள். அந்த விடை இருபது நிமிடத்துக்குள் இருந்தால், மீதித் தேர்வுகள் பெரும்பாலும் தாமாகவே சரியாகிவிடும்.