உறைந்த ஏரியில் மீன்பிடிப்பார்க்கு உரிய உடை

உடையானது மானங் காத்தற்கும் அழகு செய்தற்குமே அமைந்தது என்று வெப்பநாட்டிற் பிறந்த நாம் எளிதில் எண்ணிவிடுகின்றோம். உலகின் வடபாகத்திலோ உடை ஓர் உயிர்காப்புக் கருவியாகும். அதனைத் தெரிந்தெடுப்பதில் நேரும் பிழை விரலைக் கொள்ளும். சிலபோது உயிரையும் கொள்ளும். இவ்வுண்மை நன்கு விளங்கும் இடங்களுள் ஒன்று, உறைந்த ஏரியின்மேல் அமர்ந்து மீன்பிடித்தலாகும். அதற்கு ஏற்ற மேலுடையைக் குறைந்த பொருட்செலவில் தெரிந்துகொள்ளுமாறு எங்ஙனம் என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். கல்வியின்பொருட்டும் தொழிலின்பொருட்டும் குளிர்நாடுகளுக்குச் செல்லும் நம் மாணவர்க்கும் இவ்வாராய்ச்சி பயன்படுமென நம்புகின்றோம்.

பின்லாந்து, ருசியா, கொரியா, கனடா ஆகிய நாடுகளிலும், அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன் முதலிய மாநிலங்களிலும் மாரிக்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்துவிடுகின்றது. மினசோட்டாவில் மட்டும் 10 ஏக்கருக்குக் குறையாத பரப்புடைய ஏரிகள் 11,842 உள்ளன. கனடாவில் தமிழர் பெருந்தொகையினராய் வாழும் டொராண்டோ நகர்க்கு வடக்கேயுள்ள சிம்கோ ஏரியும் இவ்வகை மீன்பிடிப்பிற்குப் பேர்பெற்றது. பனிக்கட்டி நீரினும் இலேசானதாகலின் மேலே மிதக்கின்றது. அதன் கீழே நீர் உறையாது நிற்றலின் மீன்கள் உயிர்வாழ்கின்றன. மக்கள் அப்பரப்பின்மேல் நடந்து சென்று, துறப்பணத்தால் சில அங்குல அகலமுள்ள துளையிட்டு, அதன்வழியே தூண்டிலை இறக்கிக் காத்திருப்பர். இது செல்வர்க்கே உரிய விளையாட்டன்று. பின்லாந்தில் பனித்துளையில் ஒற்றைத் தூண்டிலிட்டுப் பிடித்தல் பெரும்பாலும் யாவர்க்கும் உரிய பொதுவுரிமை. அதற்குக் கட்டணச் சீட்டு வேண்டுவதில்லை. தூண்டிலும் சிறிது, இரையும் சிறிது. ஆதலின் எளியவன் ஒருவனுக்கு இதிற் பெருஞ்செலவாய் நிற்பது உடையே எனலாம்.

குளிர் தாக்கும் வழிகள்

கம்பளி சூடு தரும் என்பது உலகவழக்கு. நுனித்து நோக்கின் எவ்வுடையும் சூட்டைப் பிறப்பிப்பதன்று. சூட்டைப் பிறப்பிப்பது உடலே. வாளா அமர்ந்திருக்கும் ஒருவன் உடலினின்றும் ஏறக்குறைய 100 வாட்டு அளவு வெப்பம் இடையறாது வெளிப்படுகின்றது. அது விரைந்து நீங்காதபடி தடுப்பதே உடையின் தொழில். அங்ஙனம் தடுப்பதும் நூலன்று. நூலிழைகளின் இடையே அசைவற்று நிற்கும் காற்றேயாம். காற்று வெப்பத்தை மிகத் தாழ்த்தே கடத்தும். ஆகவே, நல்ல குளிர்காப்புடை என்பது அசையாக் காற்றை மிகுதியாகச் சிறைசெய்து வைக்கும் உடை என்று அறிக. இவ்வொன்றை அறிந்தான், கடைக்காரன் கூறும் பெருமொழிகளில் மயங்கான்.

இச்சிறையை உடைக்கும் பகைகள் இரண்டு. முதலாவது வீசுங் காற்று. ஏரியின் நடுவே மரமில்லை, சுவரில்லை. வாடை தடையின்றி வந்து துணியின் ஊடே புகுந்து, உள்ளே நின்ற வெங்காற்றைத் தள்ளிவிடும். தென்துருவத்தில் ஆராய்ச்சி செய்த சைப்பிள், பாசெல் என்னும் அமெரிக்கர் இருவர், காற்றின் விரைவு குளிரை எவ்வளவு மிகுவிக்கும் என்பதை அளந்து 1945-இல் வெளியிட்டனர். அமெரிக்காவும் கனடாவும் 2001-இல் அக்கணக்கைத் திருத்தி அமைத்துக்கொண்டன. அதன்படி, சுழிக்குக் கீழ் 20 பாகை செண்டிகிரேடு குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவுள்ள காற்று வீசுமாயின், வெறுந்தோலுக்கு அது சுழிக்குக் கீழ் 33 பாகை போலத் தோன்றும்.

இரண்டாவது பகை ஈரம். நீர் காற்றினும் 20 மடங்கிற்கு மேலாக வெப்பத்தைக் கடத்துவது. காற்று நின்ற இடத்தில் நீர் புகுந்தால், காவலன் நின்ற வாயிலிற் கள்வன் நின்றதுபோலாகும். அந்நீர் புறத்திருந்து வருவது மட்டுமன்று. வியர்வையாய் அகத்திருந்தும் வரும். மீன்பிடிப்போன் துறப்பணம், இருக்கை முதலியவற்றைச் சறுக்குவண்டியில் ஏற்றி, ஆழ்ந்த பனியில் இழுத்துச் செல்கின்றான். அப்பொழுது உடல் இருந்த நிலையினும் பன்மடங்கு வெப்பத்தைப் பிறப்பிக்க, வியர்வை பெருகுகின்றது. பின்னர் அவன் மணிக்கணக்காய் அசையாது அமர்கின்றான். முன் நனைந்த துணி இப்பொழுது குளிர்ந்து உடலை உறிஞ்சுகின்றது. உழைக்கும்போது இளகவும், அமரும்போது இறுகவும் வல்ல உடையே இங்கு வேண்டும். நடப்பார்க்கு மட்டும் தைத்த உடையும், நிற்பார்க்கு மட்டும் தைத்த உடையும் தனித்தனியே இதற்குப் போதா.

இதற்குச் சான்றாக ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் விளையாட்டுப் பொருள் விற்ற எட்டி பாயர் என்பார், 1930-ஆம் ஆண்டுகளின் நடுவில் மாரிக்கால மீன்பிடிப்பிற்குச் சென்றார். பிடித்த மீன்களைச் சுமந்து மேட்டில் ஏறுகையில் அவருடைய கம்பளியுடை வியர்வையால் நனைந்து, பின் குளிரில் உறைந்தது. அவர் இறக்கும் நிலையை எய்தித் தப்பினார். அத்துன்பத்தின் விளைவாகவே, வாத்தின் மென்தூவியைத் துணியின் இடையே அடைத்துக் கட்டங்கட்டமாய்த் தைத்த மேற்சட்டையை 1936-இல் விற்பனைக்குக் கொணர்ந்து, 1940-இல் அதற்கு உரிமைப்பட்டயமும் பெற்றார். தூவி என்னுஞ் சொல் நெடுநல்வாடை கற்றார்க்குப் புதிதன்று. ஆண்டு அரசியின் படுக்கைக்கு அன்னத்தூவி இட்டமை கூறப்படுகின்றது.

மூவகை அடுக்கு

ஒரே தடித்த உடையினும், ஒன்றன்மேல் ஒன்றாய் அணியும் அடுக்குடையே சிறந்தது. அடுக்குகளின் இடையிலும் காற்றுத் தங்கும். வேண்டும்போது ஒன்றைக் கழற்றவும் கூடும். இவ்வுண்மையை முதலில் உணர்ந்தோர் மேனாட்டு வணிகர் அல்லர். வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட்டு மக்கள், கரிபு என்னும் துருவமானின் தோலால் இரண்டு மேலுடை செய்து, உள்ளுடையின் மயிர் உடலை நோக்கவும் வெளியுடையின் மயிர் புறத்தை நோக்கவும் அணிந்தனர். அம்மயிர் உட்டொளை உடையதாகலின் காற்றைத் தன்னகத்தும் அடக்கும். பனித்துளையின் அருகே நெடும்பொழுது காத்திருக்கும் அவர்கள் வியர்வை வாராதபடி நடப்பதையும் ஒரு கல்வியாகவே கொண்டிருந்தனர்.

இனி, இக்காலத்து அடுக்குகளை நோக்குவாம். உடலை ஒட்டிய அடுக்கு ஈரத்தை வாங்கிப் புறத்தே செலுத்துவதாதல் வேண்டும். அதற்கு மெல்லிய கம்பளியும் பாலியெஸ்டரும் ஏற்றவை. கம்பளி தன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு ஈரத்தை உட்கொண்டும் நனைந்ததுபோலத் தோன்றாது. நம் நாட்டிற்கு உயிர்த்துணையாகிய பருத்தி ஆண்டுப் பகையாம். அது வியர்வையைப் பற்றிக்கொண்டு விடாது, விரைந்து உலராது. வெயிலில் நம்மைக் குளிர்விக்கும் அக்குணமே பனியிற் கொல்லுங் குணமாகின்றது. ஆகவே பருத்திப் பனியனும் பருத்திக் காலுறையும் அணிந்து அதன்மேல் எத்துணை விலையுயர்ந்த சட்டை அணியினும் பயனில்லை.

நடு அடுக்கு காற்றைச் சிறைசெய்வது. பழைய கம்பளிச் சட்டை இதற்குப் போதும். பாலியெஸ்டர் இழையை மயிர்போற் கிளர்த்திச் செய்யும் ஃப்ளீஸ் என்னும் துணியும் நன்று. மாசச்சூசெட்சு மாநிலத்து மால்டன் ஆலையார் இதனை 1979-இல் உருவாக்கினர். அவர்கள் இதற்கு உரிமைப்பட்டயம் பெறாது விட்டமையால் பலரும் நெய்யத் தொடங்க, எளியாரும் வாங்கத்தகும் விலைக்கு இது வந்தது. ஆயினும் இதன் ஊடே காற்று எளிதிற் புகும். மேலே ஒரு தடையின்றி ஏரியில் இது பயன்படாது.

அத்தடையே வெளியடுக்கு. நெருங்க நெய்து நீர்தாங்கும் பூச்சிட்ட நைலான் மேற்சட்டையும், மார்புவரை உயர்ந்து தோள்வாரால் தாங்கப்படும் காற்சட்டையும் மீன்பிடிப்பார்க்கு ஏற்றன. குனியும்போதும் முழந்தாளிடும்போதும் இடுப்பில் இடைவெளி தோன்றாமையே அக்காற்சட்டையின் சிறப்பு. உள்ளே அடைக்கும் பொருள் தூவியோ செயற்கைப் பஞ்சோ என்பதை இங்கு ஆராய்தல் வேண்டும். உலர்ந்த நிலையில், எடைக்கு எடை தூவியே மிகுந்த காப்பளிக்கும். ஆனால் நனைந்தால் அது சுருங்கிக் கட்டியாகித் தன் ஆற்றலை இழக்கும். பனித்துளையின் ஓரம் எப்பொழுதும் நீரும் சேறுபோன்ற பனியும் உடையது. செயற்கைப் பஞ்சு நனைந்த நிலையிலும் ஒருவாறு காக்கும், விலையும் குறைவு. ஆகவே இத்தொழிலில் மலிவானதே தகுதியானதுமாய் அமைவதை ஓர்க.

செலவிடத்தக்கதும் சேமிக்கத்தக்கதும்

பொருள் குறைந்தவன் எல்லாவற்றையும் புதிதாக வாங்க முயன்று, எல்லாவற்றையும் தாழ்ந்த தரத்தில் வாங்கிவிடுகின்றான். அது நன்றன்று. நடு அடுக்கைப் பழந்துணிக் கடையிற் பெறலாம். வெளியடுக்கிற்கு மீன்பிடிப்பார்க்கென விளம்பரஞ் செய்யப்படும் உடையே வேண்டுமென்பதில்லை. பனிவண்டி ஓட்டுவோரும், குளிர்நாட்டு உழவரும் கட்டடத் தொழிலாளரும் அணியும் பஞ்சடைத்த முழுவுடை அதே வேலையைச் செய்யும். பிறர் அணிந்து விற்பதாயின் நான்கு சோதனை செய்க. துணியில் வாய்வைத்து ஊதிக் காற்று ஊடுருவுகின்றதா என்று காண்க. பஞ்சை அழுத்திவிட்டு அது மீண்டும் பொங்குகின்றதா என்று நோக்குக. ஜிப்பைக் கையுறையோடு இழுத்துப் பார்க்க. உள்ளடுக்குகளை அணிந்தபடியே அதனை அணிந்து, தோளும் முழங்காலும் தடையின்றி மடங்குகின்றனவா என்று அறிக. இறுகிய உடை பஞ்சை நசுக்கிக் காற்றை வெளியேற்றுமாதலால், சற்றுப் பெரியதே கொள்ளத்தக்கது. நீர்தாங்கும் பூச்சுத் தேய்ந்திருப்பின் துவைத்து மீண்டும் பூசிக்கொள்ளலாம். கிழிந்த பஞ்சடைப்பை அங்ஙனம் சீர்செய்தல் அரிது.

சேமித்த பொருளைக் காலுக்குச் செலவிடுக. மீன்பிடிப்போன் பாதம் நாள்முழுதும் பனிக்கட்டியைத் தொட்டிருத்தலின் வெப்பம் அடிவழியே ஓடும். கழற்றி உலர்த்தத்தக்க கம்பளி உள்ளுறையும் தடித்த அடியும் உடைய பூட்சு வேண்டும். இறுகிய பூட்சினுள் இரண்டு காலுறை புகுத்துதல் குருதியோட்டத்தைத் தடுத்துக் குளிரை மிகுவிக்கும். கொரியப் போரின் (1950–53) கடுங்குளிர் அமெரிக்கப் படைக்கு இதனைக் கற்பித்தது. அக்காலத்தில் உருவாகிய படைப்பூட்சில், இரண்டு இரப்பர்ச் சுவர்களின் இடையே கம்பளி அடைத்து நீர் புகாதபடி மூடப்பட்டது. படையினின்று கழிக்கப்பட்ட அவற்றையும் மீன்பிடிப்போர் வாங்கி அணிவதுண்டு. வியர்வை அதனுள்ளே தங்குமாதலின் மாற்றுக் காலுறை உடன்கொண்டு செல்லல் வேண்டும். காசின்றிச் செய்யத்தக்க உதவி ஒன்றும் உண்டு: ஒரு பலகைத் துண்டையோ பழைய விரிப்பையோ காலடியில் இடுதல். கைக்கு, விரல்கள் தனித்தனியே பிரிந்த உறையினும், நால்விரலும் ஒருங்கே தங்கும் உறை வெப்பமானது. உடல்வெப்பத்திற் பாதி தலைவழியே போகும் என்பது பொருந்தாக் கூற்று. ஆயினும் காதும் கழுத்தும் மூடுதல் இன்றியமையாதது.

நீரில் வீழ்ந்தால்

இதுகாறும் கூறியவை குளிரைப் பற்றியன. உறைந்த ஏரியிற் பேரிடர் பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்தலே. புதிய தெளிந்த பனிக்கட்டி குறைந்தது 4 அங்குலத் தடிப்பின்றி நடக்கத்தகாது என மினசோட்டா மாநில இயற்கைவளத் துறையார் அறிவுறுத்துகின்றனர். வெண்பனிக்கட்டி அதனினும் வலிமை குறைந்தது. எதுவும் முற்றும் நம்பத்தக்கதன்று. மனித்தோபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் வீழ்ந்தானது நிலையை மூன்று எண்களால் விளக்குவர்: மூச்சுத்திணறலை அடக்க 1 நிமிடம், கைகால் பயன்படும் காலம் ஏறக்குறைய 10 நிமிடம், உணர்வு நீங்குமுன் 1 மணிநேரம். எனவே அந்நிலையில் முதலிற் காப்பது வெப்பமன்று, மிதப்பேயாம்.

இதனால், மிதக்கும் நுரைப்பொருள் வைத்துத் தைத்த உடைகளும் விற்பனையில் உள்ளன. அவற்றின் விலை மிகுதி என்று தளர்தல் வேண்டா. படகிற் செல்வார் அணியும் எளிய மிதவைச்சட்டையைப் பழைய உடையோடு சேர்த்து அணியினும் அப்பயன் உண்டு. கூர்நுனியுடைய கைப்பிடிகள் இரண்டைக் கயிற்றிற் கோத்துக் கழுத்தில் இட்டுக்கொண்டால், வழுக்கும் பனியிற் குத்தி மேலேறலாம். இவை சிறுவிலைப் பொருள்கள். வண்டியினுள் இருக்கும்போது மட்டும் மிதவைச்சட்டையைக் கழற்றிவிடுதல் வேண்டும். வண்டி மூழ்கின் அது வெளியேறுவதற்குத் தடையாகும். உடையின் குறையை அடுப்பால் நிரப்பலாம் என்று மூடிய கூடாரத்தினுள் தீ மூட்டுதலும் இடர் விளைப்பதே. மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு அறியாமலே கொல்லும்.

ஆகவே குறைந்த பொருளுடையான் வாங்கத்தக்க முறை இது: முதலில் மிதவைச்சட்டையும் கூர்நுனிப் பிடியும், அடுத்து நல்ல பூட்சு, அதன்பின் காற்றுப் புகா வெளியுடை, பருத்தியல்லாத உள்ளுடை, எஞ்சியன பழந்துணிக் கடையில். பனியில் நடக்கும்போது மேலுடையைத் திறந்தோ கழற்றியோ வைத்து, அமர்ந்தபின் வியர்வை அடங்குமுன் அணிந்துகொள்க. விலையுயர்ந்த உடையை அறியாது அணிந்து வியர்த்தவனினும், எளிய உடையை அறிந்து அணிந்து உலர்ந்திருப்பவனே மாலையில் நலமாய் வீடு திரும்புவான்.