டப்பாவுக்குள் தங்காத மின்னூட்டம்

வெள்ளிக் குவளை ஒன்றுக்கு மின்னூட்டம் ஏற்றி, பட்டு நூலில் கட்டிய தக்கை உருண்டையை அதனுள் இறக்கினார் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். வெளிச்சுவர் இழுக்கும் தக்கையை உட்சுவர் இழுக்கவில்லை. காரணம் தெரியவில்லை என்று 1755-இல் மருத்துவர் ஜான் லைனிங்குக்கு ஒளிக்காமல் எழுதினார். அதே வியப்பை வீட்டு எவர்சில்வர் டப்பாவில் பார்த்துவிடலாம்.

ஒரு சாண் உயர டப்பா, அதை வைக்கத் தெர்மாகோல், ஒரு முழம் பி.வி.சி. குழாய், கம்பளித் துணி, பருத்தி நூல், சாக்லேட் சுற்றிவரும் மெல்லிய அலுமினியத் தாள் போதும்.

குழாயும் தெர்மாகோலும் வெயிலில் நன்றாகக் காயட்டும். சோதனை பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பரப்பில் படிந்த ஈரம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடும். மழைநாளில் முயலவே வேண்டாம்.

விரல் நீளத் தாள்துண்டு இரண்டை நூலின் இரு முனைகளிலும் கட்டி, நூலை டப்பாவின் விளிம்பில் போடுங்கள். ஒன்று வெளிச்சுவரை ஒட்டித் தொங்கட்டும். மற்றது உள்ளே பாதி ஆழத்துக்காவது இறங்க வேண்டும். வாயருகே இருந்தால் அதுவும் சற்று அசையும்.

குழாயைக் கம்பளியால் பத்திருபது தடவை வேகமாகத் தேய்த்து, நூல் இல்லாத பக்கத்து விளிம்பில் முழு நீளத்துக்கும் உரசி இழுங்கள். பி.வி.சி. மின்சாரத்தைக் கடத்தாது; தொட்ட இடத்து மின்னூட்டம் மட்டுமே இறங்கும். நாலைந்து முறை செய்தபின் குழாயைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள். வெளித்துண்டு சுவரைவிட்டு விலகி நிற்கும். உள்துண்டு அப்படியே தொங்கும்.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. டப்பாவை விரலால் தொட்டால் மின்னூட்டம் உடல்வழி இறங்கிவிடும். இப்போது தேய்த்த குழாயை உள்ளே விட்டு, அடிப்பாகத்தில் உரசுங்கள். கொடுத்தது உள்ளே, ஆனால் குழாயை எடுத்ததும் விலகி நிற்பது வெளித்துண்டுதான்!

ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும். உலோகத்தில் ஓட வழி இருப்பதால், உலோகத்துக்குள் மின்புலம் பூச்சியமாகும்வரை அவை நகரும். நகர்ந்து ஓய்ந்த நிலையில் மிகை மின்னூட்டம் முழுவதும் வெளிப்பரப்புக்கு வந்திருக்கும். மின்விசையும் ஈர்ப்பு விசையைப் போலவே தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று ஜோசப் பிரீஸ்ட்லி 1767-இல் ஊகித்தது, கலத்தின் உள்ளே விசை இல்லாத இந்த நிலையை வைத்துத்தான்.

இதற்கு வீட்டு மின் இணைப்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள், கம்பளியே போதும். உள்ளே உரசுவதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள், வெளித்துண்டு மேலும் உயரும். வான் டி கிராஃப் இயந்திரத்தில் ஓடும் பட்டை, மின்னூட்டத்தைக் கோளத்தின் உட்புறத்தில் கொண்டுபோய் இறக்குவதும் இதற்காகவே.