மட்டக்குதிரையை வண்டிக்குப் பழக்க: நாஞ்சில் நாட்டு வீடுகளுக்குச் சில குறிப்புகள்

நாஞ்சில் நாட்டில் மாட்டு வண்டி பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. ஆனால் மட்டக்குதிரை வாங்கும் வீடுகளில் அந்தக் கைப்பழக்கமே முதல் தடங்கலாகிவிடுகிறது. குதிரை அசைபோடாது. வாந்தியும் எடுக்காது. கழுத்தால் இழுக்காது. மாடு பயந்தால் முரண்டு பிடித்து நிற்கும், குதிரை பயந்தால் வண்டியோடு ஓடும். மாட்டுக்குச் செய்வதையே குதிரைக்கும் செய்யாமலிருக்க இந்தக் குறிப்புகள்.

1. வாங்கும்போது கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். நடுவிலுள்ள ஜோடி இரண்டரை வயதில் விழுந்து முளைக்கும், அடுத்த ஜோடி மூன்றரையில், ஓர ஜோடி நாலரையில். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். மூன்று வயதுக்கு முன் வண்டியில் பூட்டக் கூடாது. நாலு வயது வரை இலகுவான வண்டியும் குறைந்த தூரமும் போதும்.

2. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டி நடக்கும் சந்தை, குதிரை வாங்குகிறவர்களுக்குப் பெயர் போனது. அங்கே வாங்கினாலும் வேறெங்கே வாங்கினாலும், பந்தயத்தில் ஓடிய குதிரையை வீட்டு வண்டிக்கு எடுக்காதீர்கள். அதற்குத் தெரிந்தது ஓட்டம் மட்டும்தான், நிற்பதற்குப் புதிதாகப் பழக்க வேண்டும். வீட்டு வண்டிக்கோ நிற்கத் தெரிந்த குதிரைதான் வேண்டும். விற்பவரை உங்கள் கண்முன்னே பூட்டி, ஓட்டி, நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பூட்டும்போது காதைப் பின்னுக்கு மடக்குகிறதா, வாரைத் தொட்டதும் நெளிகிறதா என்று கவனியுங்கள். நெளிந்தால் அங்கே பழைய புண் இருக்கலாம்.

3. வந்ததும் வேலை வாங்காதீர்கள். லாரியில் வந்த களைப்பு தீரவும், கூடவே நோய் ஏதும் வந்திருந்தால் தெரியவும் இரண்டு மூன்று வாரம் மற்ற கால்நடைகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள். ரணஜன்னி தடுப்பூசியை அந்த நாட்களிலேயே போட்டுவிடலாம். குதிரைக்கு அந்த நோய் மற்ற பிராணிகளைவிட எளிதில் வரும். குளம்பில் ஏறிய ஓர் ஆணி போதும்.

4. நுகத்தடி மாட்டுக்கு. அதன் திமிலுக்கு முன்னால் தடி உட்கார இடம் இருக்கிறது. குதிரைக்கு அப்படி ஒரு இடமே கிடையாது. கழுத்தில் கயிறோ பட்டையோ போட்டு இழுக்கவிட்டால் மூச்சுக்குழல் நெரிபடும், எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு மூச்சுத் திணறும். குதிரைக்கு வேண்டியது மார்புப் பட்டை. அது தோள் எலும்பின் முனைக்குச் சற்று மேலேயும் மூச்சுக்குழலுக்குக் கீழேயும், தரைக்கு இணையாக நிற்க வேண்டும். மேலே ஏறினால் தொண்டையை அழுத்தும், கீழே இறங்கினால் முன்னங்காலைத் தட்டும். குதிரை தலையைக் குனிந்து புல் மேயும்போது பட்டை எங்கே போய் நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் சரியான அளவு புரிந்துவிடும்.

5. சேணத்தின் மெத்தை முதுகெலும்பின் இருபுறச் சதைமேல் உட்கார வேண்டும். எலும்பின் மேல் படவே கூடாது. சேணத்தைக் கட்டிய பிறகு பின்னால் நின்று குனிந்து பார்த்தால், முதுகெலும்புக்கு மேல் மறுபக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்தச் சேணம் அந்தக் குதிரைக்கு ஆகாது.

6. கடிவாள இரும்பு முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே பல்லில்லாத இடத்தில் படியும். உதட்டோரத்தில் ஒரு மடிப்பு விழும் அளவுக்கு வாரை ஏற்றினால் போதும். இருபுறமும் அரை சென்டிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். மூக்குப் பட்டைக்குள் இரண்டு விரல், தொண்டை வாருக்குள் நாலு விரல் நுழைய வேண்டும். முள் வைத்த கடிவாளத்தைச் சட்டமே தடுத்திருக்கிறது. வாய் மரத்துப்போன குதிரையை அப்புறம் எந்தக் கடிவாளமும் நிறுத்தாது.

7. பின்தொடையைச் சுற்றி வரும் பட்டையைப் பலர் வீண் செலவென்று விட்டுவிடுகிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துச் சமதளத்தில் அது இல்லாமல் ஒப்பேற்றிவிடலாம். தக்கலை தாண்டி மேற்கே போனால் ஏற்ற இறக்கம்தான் சாலை. இறக்கத்தில் வண்டி குதிரையின் பின்னங்காலில் வந்து மோதும். ஒருமுறை மோதினால் அந்தப் பயம் அதற்கு வருஷக்கணக்கில் போகாது. பின்பட்டை இருந்தால் குதிரை அதன்மேல் உட்காருவதுபோல் பின்சாய்ந்து வண்டியைத் தாங்கிக்கொள்ளும்.

8. இரண்டு சக்கர வண்டியில் ஆள் ஏறிய பிறகு ஏர்க்கால் நுனியை விரலால் தூக்கிப் பாருங்கள். லேசாக எழும்ப வேண்டும். முன்பாரம் அதிகமானால் முதுகு வலிக்கும், பின்பாரம் அதிகமானால் வயிற்றுவார் மேலே இழுத்து அறுக்கும்.

9. பழக்குவதற்குக் கும்பப்பூ அறுத்த வயலை விட நல்ல இடம் இல்லை. மாசி பங்குனியில் ஈரம் வற்றி, கட்டி உடைந்து, தரை மெத்தென்று இருக்கும். ஓடினாலும் சீக்கிரம் களைத்து நின்றுவிடும், விழுந்தாலும் அடி குறைவு. கன்னிப்பூ விதைப்புக்கு உழுவதற்குள் முதல் பாடங்களை முடித்துவிடலாம்.

10. வண்டியைக் காட்டும் முன்பே குரலைப் பழக்குங்கள். போக ஒரு சொல், நிற்க ஒரு சொல், மெதுவாக ஒரு சொல், பின்னே வர ஒரு சொல். வீட்டில் எல்லோரும் அதே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். அப்பா ‘நில்’ என்றும் மகன் ‘ஹோ’ என்றும் சொன்னால் குதிரைக்கு இரண்டுமே வெறும் சத்தம்.

11. அடுத்தது நீளக் கயிறு. கடிவாளத்தின் இருபுறமும் நீளமான கயிறு கட்டி, உதை எட்டாத தூரத்தில் பின்னால் நடந்தே ஓட்டுங்கள். வலம், இடம், நிற்றல் மூன்றும் கயிற்றின் மெல்லிய அசைவுக்கே வந்துவிட வேண்டும். இந்தப் பாடத்தை அவசரப்பட்டுத் தாண்டுவதுதான் பின்னால் வரும் எல்லா வம்புக்கும் வேர். நாளுக்கு அரைமணி நேரம் போதும். நன்றாகச் செய்த நேரத்தில் நிறுத்திவிடுங்கள், அலுத்துப்போகும் வரை இழுக்காதீர்கள்.

12. கயிற்றுக்குப் பணிந்த பிறகு ஒரு பழைய டயரை இழுக்க விடுங்கள். முதலில் டயரை வேறொருவர் பக்கத்தில் இழுத்து நடக்கட்டும். அந்தச் சரசர ஓசைக்குக் காதைத் திருப்பாமல் நடந்தால் மட்டும் குதிரையோடு கட்டுங்கள். பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஏர்க்கால்போல் விலாவில் உரச விட்டுத் திருப்பிப் பழக்க வேண்டும். திரும்பும்போது விலாவில் கழி தட்டுவதுதான் குதிரைக்குப் புதிது. இவ்வளவுக்கும் பிறகே காலி வண்டி. அன்று தலைக்கயிற்றைப் பிடித்து ஒருவர் கூடவே நடக்க வேண்டும்.

13. கண்பட்டை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் நேர் முன்னே கொஞ்சமும் நேர் பின்னே கொஞ்சமும் தவிர ஏறக்குறைய சுற்றிலும் தெரியும். தன்னைத் துரத்தும் சக்கரம் ஓயாமல் கண்ணில் பட்டால் மிரளும். பட்டை கண்ணிலோ இமை மயிரிலோ உரசாமல் சற்று விலகி நிற்கட்டும்.

14. பூட்டும் வரிசையை மாற்றாதீர்கள். ஏர்க்காலைச் சேணத்தின் வளையத்தில் நுழைத்ததும் முதலில் மார்புப் பட்டையிலிருந்து வரும் இழுவார்களை வண்டியில் கட்டுங்கள், பிறகு பின்பட்டை, கடைசியில் வயிற்றுவார். அவிழ்க்கும்போது தலைகீழாக வாருங்கள். இழுவார் கடைசியில்தான். வண்டியில் பூட்டியிருக்கும்போது கடிவாளத்தைக் கழற்றவே கூடாது, “தண்ணி குடிக்கட்டும்” என்று சொல்லிக்கூட. கடிவாளத்தோடு கண்பட்டையும் விலகிய கணத்தில் தன் பின்னால் ஒரு வண்டி ஒட்டியிருப்பதைக் கண்டு மிரண்டால் அதைப் பிடிக்க உங்கள் கையில் எதுவும் இருக்காது.

15. கடிவாள வாரைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். வண்டியில் கட்டிவைத்துவிட்டு இறங்கவும் வேண்டாம்.

16. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை மறக்கக் கூடாது. முப்பந்தலில் காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். காற்று மாதங்களில் படபடக்கும் தார்ப்பாய், குடை, பந்தல் துணி எல்லாம் குதிரைக்குப் பூதம். தொழுவத்தருகே பழைய சாக்கு ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டு, அது ஆடுவதைப் பார்த்துக்கொண்டே தின்னப் பழக்குங்கள். பேருந்து ஹாரனையும் இப்படித்தான்: முதலில் சாலைக்கு எட்டத்தில் மேயவிட்டு, நாளாக நாளாக அருகே கொண்டுவர வேண்டும். சுசீந்திரம் மார்கழித் திருவிழா, வெடி, யானை வரும் ஊர்வலம் எதற்கும் பழகாத குதிரையைக் கொண்டுபோகாதீர்கள்.

17. தீனி. இங்கே அதிகம் எழுத வேண்டியிருக்கிறது. 200 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு நாளுக்கு 3 முதல் 4 கிலோ காய்ந்த புல் வேண்டும். பசும்புல் என்றால் 15 முதல் 20 கிலோ. அதையும் பல வேளையாகப் பிரித்துப் போட வேண்டும், ஏனென்றால் அதன் இரைப்பை சிறியது. வைக்கோல் படப்பு வீட்டில் இருக்கிறதே என்று வைக்கோலை மட்டும் போட்டால் சத்தும் கிடைக்காது, குடலிலும் அடைக்கும். காணம் நல்ல தீனிதான். வேலைக்கேற்ப அரை முதல் ஒரு கிலோ, வேகவைத்து ஆறவைத்துக் கொடுங்கள். மாட்டுக்கு ஊற்றுகிற கஞ்சி, கழுநீர், பந்தி மிச்சச் சோறு இதெல்லாம் குதிரைக்கு வேண்டாம். வயிற்றுவலியும் குளம்பு வீக்கமும் வரும். 13-ம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, காயல் துறைமுகம் வழியாக ஏராளமான பொருள் கொடுத்து வரவழைத்த அரபுக் குதிரைகள் இங்கே நிலைக்காமல் மடிந்ததையும், அவற்றுக்குச் சோறும் இறைச்சியும் சமைத்துப் போட்டதையும், குதிரை மருத்துவம் தெரிந்தவர்கள் இல்லாததையும் எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காயல் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

18. தோவாளை பக்கத்தில் இருப்பவர்கள் அரளியை எட்டவே விடாதீர்கள். பூ, இலை, கொம்பு எல்லாமே விஷம், காய்ந்தாலும் விஷம் போகாது. கொஞ்சம் இலையே இதயத்தை நிறுத்திவிடும். வேலியில் வெட்டிப்போட்ட கிளையையும், கோயிலிலிருந்து வந்த பழைய அரளி மாலையையும் எருக்குழியில் மூடுங்கள். மரச்சீனி இலையும் ஆமணக்கு விதையும் ஆகாது. பூச்சிமருந்து அடித்த வரப்பில் மேயவிடாதீர்கள்.

19. தண்ணீர் நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாமல், வேலை நாளில் அதற்கும் மேல். வியர்வையில் உப்பு போய்விடும் என்பதால் ஒரு சிறு கைப்பிடி கல்லுப்பைத் தீனியோடு சேருங்கள்.

20. குளம்பைத் தினமும் இருமுறை, வேலைக்கு முன்பும் பின்பும், குதிகாலிலிருந்து முன்நுனி நோக்கிக் கிளறிச் சுத்தம் செய்யுங்கள். நமக்கு இரண்டு மழைக்காலம். சேற்றிலும் மூத்திர ஈரத்திலும் நின்றால் குளம்பின் நடுவிலுள்ள முக்கோண மெத்தை கறுத்து, அழுகி, நாற்றமெடுக்கும். மூக்கில் அந்த நாற்றம் பட்டால் தாமதிக்காதீர்கள். தொழுவத் தரையை மேடாக்கி உமி பரப்பினால் ஈரம் உறிஞ்சும். லாடத்தை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றி, வளர்ந்த குளம்பைச் சீவிவிட்டுக் கட்ட வேண்டும்.

21. தோல்வாரின் எதிரி நம் ஊர் ஈரக்காற்று. வேலை முடிந்ததும் ஈரத்துணியால் வியர்வை உப்பைத் துடைத்து நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் வெடிக்கும். மாதமொரு முறை எண்ணெய் லேசாகத் தடவலாம். ஊறவிட்டால் தையல் நூல் இற்றுவிடும். பூசணம் படிந்தால் துடைத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் எலிக்கு எட்டாமல் தொங்கவிடுங்கள், உப்புச் சுவைக்கு எலி வாரைக் கொறிக்கும். பித்தளைக் கொக்கிகளுக்குப் புளி போதும். பூட்டுமுன் ஒவ்வொரு தையலையும் இழுத்துப் பாருங்கள். நைலான் பட்டை வாங்கினால் கழுவ எளிது, ஆனால் ஓரம் அறுக்கும். உட்புறம் பருத்தித்துணி வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

22. வார் பட்ட இடத்தில் மயிர் உதிர்ந்து தோல் சூடாக இருந்தால் அது புண்ணின் முதல் நாள். பஞ்சு வைத்துக் கட்டி ஓட்டாதீர்கள். ஆறும் வரை வேலை இல்லை.

23. பாரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 1965-ல் வந்த இழுவை, பொதி விலங்குகளுக்கான விதிகளின்படி, மட்டக்குதிரை இழுக்கும் இருசக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயர் இருந்தால் 600 கிலோ, இல்லாவிட்டால் 400 கிலோதான் உச்ச அளவு. நீண்ட செங்குத்தான ஏற்றமென்றால் அதில் பாதி. ஓட்டுநரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளும் போக நான்கு பேர்தான் ஏறலாம். நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. என்னைக் கேட்டால் இந்த 600 கிலோ சட்டத்துக்குச் சரி, நம் வீட்டுக் குதிரைக்கு அதிகம். வண்டியும் ஆளும் சேர்த்து அதில் பாதியே வைத்துக்கொள்ளுங்கள்.

24. ஓய்வில் இருக்கும்போது அதன் மூச்சை ஒருமுறை எண்ணி வையுங்கள். நிமிடத்துக்கு 8 முதல் 16 வரை இருக்கும். வேலை முடிந்து அரைமணி ஆகியும் மூச்சு இறங்கவில்லையென்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உடலெங்கும் தண்ணீர் ஊற்றுங்கள், அன்று மீண்டும் பூட்டாதீர்கள்.

25. காலால் தரையைக் கீறுவது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, சாணம் போடாமலிருப்பது எல்லாம் வயிற்றுவலியின் அடையாளங்கள். தீனியை எடுத்துவிடுங்கள். மாட்டுக்குப் புகட்டுவதுபோல் மூங்கில் குழாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கினால் காப்பாற்றுவது கடினம். உடனே அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள், அல்லது 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழையுங்கள். மருத்துவர் வருவதற்குள் வலி தொடங்கிய நேரம், கடைசியாகத் தின்றது, கடைசியாகச் சாணம் போட்டது ஆகிய மூன்றையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள்.