செப்டிக் தொட்டியும் கிணற்று நீரும்: நைத்திரேற்றுப் பாதிப்பை மதிப்பிடும் முறை

ஒன்ராறியோவின் ஊர்ப்புறங்களில் நகராட்சியின் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் செல்லாத இடங்கள் பல உள்ளன. அங்கு குடியேறும் குடும்பங்கள் ஒரே காணியில் கிணற்றையும் செப்டிக் தொட்டியையும் வைத்திருக்க நேர்கிறது. ஒன்று மற்றொன்றைக் கெடுக்காதிருப்பதை உறுதிசெய்வது காணி உரிமையாளரின் பொறுப்பாகும்.

நைத்திரேற்று உருவாகும் விதம்

மனிதக் கழிவிலுள்ள நைதரசன், தொட்டிக்குள் அமோனியமாக இருக்கும். கழிவுநீர் மண்படுகையில் ஊறும்போது, பற்றீரியாக்கள் ஒட்சிசனின் துணையுடன் அதனை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. மண் கிருமிகளைப் பெருமளவு வடிகட்டும், நைத்திரேற்றையோ பிடித்துவைப்பதில்லை. ஆகவே, பழுதின்றி இயங்கும் படுகையிலிருந்தும் அது நிலத்தடி நீரைச் சென்றடையும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக் கிணறுகளில் உரமும் மலக்குழிகளும் ஏற்படுத்திய சிக்கலை அறிந்தோர்க்கு இது புதிதன்று.

வரம்பு

ஒன்ராறியோ ஒழுங்குவிதி 169/03இன்படி குடிநீரில் நைத்திரேற்று, நைதரசனாகக் கணக்கிடப்படுகையில், லீற்றருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டலாகாது. நைத்திரேற்றாகவே கணக்கிட்டால் இது 45 மில்லிகிராமுக்குச் சமம். ஆய்வறிக்கையை வாசிப்போர் எந்த அலகு பயன்படுத்தப்பட்டுள்ளது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். வரம்பு மீறிய நீரில் கரைத்த பால்மா, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலைக் குறைக்கும். குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும், உயிராபத்தும் நேரலாம்.

மதிப்பீடு

காணிப் பிரிப்புக்கு மாகாணத்தின் டி-5-4 வழிகாட்டி (1996) மூன்று படிகளைக் கூறுகிறது. முதலாவது, காணியின் அளவு: சராசரி 1 ஹெக்ரேயர், எந்தத் துண்டும் 0.8 ஹெக்ரேயருக்குக் குறையாமை. இரண்டாவது, கழிவுநீருக்கும் குடிநீர்தரும் படைக்கும் இடையே நீர்புகா மண்படை இருத்தல். இவ்விரண்டும் பொருந்தாவிடின் மூன்றாவது படியாகக் கணக்கீடு செய்யப்படும். ஒரு வீடு நாளொன்றுக்கு 1,000 லீற்றர் கழிவுநீரையும் அதில் 40 கிராம் நைதரசனையும் வெளியேற்றுவதாகக் கொள்ளப்படும்.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 250 மில்லிமீற்றர் மழைநீர் மண்ணுள் இறங்குவதாகவும், நிலத்தடி நீரில் முன்னரே நைத்திரேற்று இல்லை எனவும் கொள்வோம். 1 ஹெக்ரேயர் காணியில் நாளொன்றுக்குச் சுமார் 6,850 லீற்றர் மழைநீர் இறங்கும். கழிவுநீருடன் 7,850 லீற்றர், செறிவு 5.1 மில்லிகிராம். 0.4 ஹெக்ரேயர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் காணியில் மழைநீர் 2,740 லீற்றர் மட்டுமே, செறிவு 10.7 மில்லிகிராம். வரம்பு மீறப்படுகிறது. பெற்றோருக்கோ சகோதரருக்கோ காணியைப் பிரித்துக்கொடுக்க எண்ணுவோர், விலை பேசுமுன் இக்கணக்கை நிபுணரிடம் கேட்டறிதல் நன்று.

வீட்டார் செய்யவேண்டியவை

• மாகாணப் பொதுச் சுகாதார ஆய்வகத்தின் கட்டணமற்ற கிணற்று நீர்ப் பரிசோதனை கிருமிகளை மட்டுமே காட்டும். நைத்திரேற்றை அறிய, அங்கீகாரம் பெற்ற தனியார் ஆய்வகத்தை நாடுக.

• நீரைக் கொதிக்கவைத்தல் நைத்திரேற்றை நீக்காது. நீர் ஆவியாவதால் செறிவு கூடும். சாதாரணக் கரி வடிகட்டியும் பயன் தராது. எதிர்ச் சவ்வூடுபரவல் முறைக் கருவி அதனைக் குறைக்கும். வரம்பு மீறியிருப்பின், குழந்தைக்கு வேறு நீரையே பயன்படுத்துக.

• கட்டட விதிக்கோவையின்படி, ஊறும் படுகையின் குழாய்கள் 6 மீற்றர் ஆழம்வரை நீர்புகா உறையுள்ள குழாய்க்கிணற்றிலிருந்து 15 மீற்றரும், ஏனைய கிணறுகளிலிருந்து 30 மீற்றரும் விலகியிருத்தல் வேண்டும். படுகை இயல்பான நிலமட்டத்துக்கு மேல் உயர்த்தப்பட்டிருப்பின் இத்தூரம் கூடும். இவை குறைந்தபட்சத் தூரங்களே. நைத்திரேற்று வராது என்பதற்கு உத்தரவாதம் அல்ல.

• மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை தொட்டியை வெறுமையாக்குதல் படுகையைக் காக்கும். ஆயினும் அது நீர்ப் பரிசோதனைக்கு ஈடாகாது.