வேலை நின்றதும் கணக்கைக் கேளுங்கள்

நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று மூடப்பட்டதைப் பார்த்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். இங்கிருந்து ஒரகடம் வரை கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர்கள், வேலை நின்றால் என்ன கிடைக்க வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வேலையை நீங்களே விட்டாலும், நிறுவனமே நிறுத்தினாலும் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்வது இது. எடுக்காத லீவுக்கும் பணம் உண்டு. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் என்பது கணக்கு. ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவரை ஆட்குறைப்பு செய்தால், குறைந்தது ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், கூடவே முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம்.

கான்ட்ராக்டர் கைவிரித்தால் ஆலை நிர்வாகத்திடமே கேட்கலாம். சம்பளம் தரும் பொறுப்பு அவர்களுக்கும் இருக்கிறது.

மிக முக்கியமானது: ‘முழுக் கணக்கும் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த தாளில், தொகை எழுதாமல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அவசரமாக ஊருக்குப் போகும் வெளிமாநிலப் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொள்வதற்கு முன்பே இருபுறமும் போட்டோ எடுத்துவிடுங்கள். சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், பி.எஃப். பதிவு, சூப்பர்வைசர் அனுப்பிய ஷிப்ட் வாட்ஸ்அப் எல்லாமே சாட்சி.

பாக்கி வராவிட்டால் முதலில் எழுத்தில் கேளுங்கள், நகல் வையுங்கள். பிறகு தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். மூன்று ஆண்டு வரை அவகாசம் உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள்.